முழிச்சிருக்கேன் சார்

பதினேழு வருஷம்
தீர்த்தகிரியை அறைந்தவன் நான்.
ராத்திரிக்கு எனக்கு மூன்று ரூபாய், அவனுக்கு ஐந்து.
வாங்குகிறவனுக்குத்தான் கூட.
அதில் எனக்கு வருத்தமில்லை.

நான் மணியக்காரர், இன்ஸ்பெக்டர், மாமனார்.
அவன் எப்போதும் அவன்தான்.
பாலக்கோடு, பென்னாகரம், அரூர்,
பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எட்டும்வரை எங்கள் சபாவின் ராஜ்யம்.

சண்டைக்குப் போய் வந்தவன் என்று எல்லாருக்கும் தெரியும்.
மூன்று வருஷம் மழை பொய்த்தபோது
மொரப்பூர் ஸ்டேஷனில் ஆளெடுத்தார்கள்,
சோறு போடுவார்கள் என்று வரிசையில் நின்றானாம்.
அது கடற்படை வரிசை.
நீச்சல் தெரியுமா என்று வெள்ளைக்காரன் கேட்க,
"எங்க ஊர்க் கிணத்துல நீந்தினா
வயிறு தரை தட்டும் துரை" என்றானாம்.
இதைச் சொல்லியே இரண்டு டீ வாங்கிக் குடிப்பான்.

அறைவதற்கு ஒரு கணக்கு உண்டு.
கை கன்னத்துக்கு நாலு விரற்கடை முன்பே நிற்க வேண்டும்.
படுதாவுக்குப் பின்னால் மிருதங்கக்காரர்
தொடையில் ஓங்கித் தட்டுவார்.
தீர்த்தகிரி பம்பரமாய் இரண்டு சுற்றுச் சுற்றி
புழுதி கிளம்ப விழுவான்.

ஊத்தங்கரையில் ஒரு ராத்திரி கணக்குப் பிசகி
நிஜமாகவே விழுந்துவிட்டது.
அவன் சுற்றவில்லை.
குதிகால்களை ஒட்டி, முதுகை நிமிர்த்தி,
கண்ணை அகல விரித்து
"முழிச்சிருக்கேன் சார்" என்றான்.

வசனத்தில் இல்லாத வரி.
புளியமரத்தில் உட்கார்ந்திருந்த பையன்
சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தான்.
முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:
"அத அப்பிடியே வெச்சுக்க."

வைத்துக்கொண்டோம்.
பஸ்ஸில் தூங்குகிறவனைக் கண்டக்டர் தட்டினால் அதைத்தான் சொன்னான்.
பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் சொல்லிப் பிள்ளைகள் உதை வாங்கினார்கள்.
சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் கார் போட்டு வந்தார்.

கிருஷ்ணகிரி அணையில் படம் பிடித்தார்கள்.
பரிசலிலிருந்து விழுந்து அவன் முழுக வேண்டும்.
துணைக்குப் போன நான் கரையில் வேர்க்கடலை தின்றபடி பார்த்தேன்.
விழுந்தான்.
சத்தமே இல்லை. முகம் மட்டும் வானம் பார்த்து,
வாய் தண்ணீருக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்.
டைரக்டர் கத்தினார்:
"முழுகறவன் இப்பிடியாய்யா முழுகுவான்? கையக் கால ஆட்டு!"
"சரிங்க" என்று அவன் ஆட்டினான்.
டென்ட் கொட்டகைகள் குலுங்கின அந்தக் காட்சிக்கு.

படமில்லாத மாதங்களில் எங்களோடு வந்துவிடுவான்.
காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டிதான் எங்களுக்கு மேக்கப் ரூம்.
அரிதாரம் பூசிக்கொண்டே சொன்னான்.
கப்பல் போய்விட்டது. ஒரு பலகை, இரண்டு பேர்.
இவனும், பெட்டி ஆபீசர் குஞ்ஞம்புவும்.
இவன் கண் சொருகும்போதெல்லாம்
"உறங்கருதெடா!" என்று ஓர் அறை.
குஞ்ஞம்பு குரலை அப்படியே செய்து காட்டினான்,
மூக்கால் ஒரு இழுப்பு, கடைசியில் ஒரு இருமல்.
"ஒவ்வொரு அறைக்கும் நான் சொல்லணும், முழிச்சிருக்கேன் சார்."
சிரித்தோம்.
"விடியறதுக்கு முன்னால என் முறை வந்துச்சு.
ஆபீசர அறைஞ்ச மொதத் தர்மபுரிக்காரன் நாந்தான்.
வெளுக்கிற வரைக்கும் அறைஞ்சேன்.
மனுசன் வாயே தெறக்கல. அவ்வளவு கோவம்."
அதற்கும் சிரித்தோம்.
முதலில் நிறுத்தியது மிருதங்கக்காரர்.
தீர்த்தகிரி கண்ணாடியில் மீசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தார்கள்.
அன்று என் கை எட்டு விரற்கடை தள்ளியே நின்றது.
உதடு அசையாமல் அவன் சொன்னான்:
"கிட்ட வாடா வேடியப்பா. ஜனம் பாக்குது."

போனேன்.
கணக்கெல்லாம் விட்டு அறைந்தேன்.
அவன் குதிகாலை ஒட்டி நிமிர்ந்தான்,
வாயைத் திறக்கவில்லை.
இருட்டிலிருந்து அறுநூறு பேர்,
மடியில் பிள்ளையோடு இருந்த பொம்பளைகளும் சேர்ந்து,
அவனுக்குப் பதிலாகச் சொன்னார்கள்.